மௌலானா ஆசாத் கோப்பையும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

சுதந்திர இந்தியாவின் முதல் கல்வி அமைச்சர் யார் என்று நம் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால், மௌலானா அபுல் கலாம் ஆசாத் என்று தயங்காமல் பதில் சொல்வார்கள். அந்தப் பெருமகனாரின் பெயரால் ஒரு சுழற்கோப்பை குடியரசுத் தலைவரின் கரங்களால் வழங்கப்பட்டு வருகிறதே, அது எதற்காக என்று அடுத்ததாகக் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் விழிப்பார்கள். உர்தூ இலக்கியத்துக்காக இருக்கலாம், சமய நல்லிணக்கத்துக்காக இருக்கலாம் என்று ஆளுக்கொன்றாகச் சொல்வார்கள். இல்லை, வாசகர்களே! அது விளையாட்டுக்கான கோப்பை. மாணவர் விளையாட்டில் நாட்டிலேயே தலைசிறந்து விளங்கும் பல்கலைக்கழகத்துக்கு அது தரப்படுகிறது. 1956-57ஆம் ஆண்டில், மௌலானா அமைச்சராக இருந்த காலத்திலேயே ஏற்படுத்தப்பட்டது. குர்ஆன் விரிவுரையும், சிறைக் கடிதங்களும் எழுதிய அறிஞரின் பெயர் ஓட்டப் பந்தயத்துக்கும் ஹாக்கிக்கும் உரிய கோப்பையில் பொறிக்கப்பட்டிருப்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அந்தக் கோப்பையை அமிர்தசரஸ் குரு நானக் தேவ் பல்கலைக்கழகம் இருபதுக்கும் மேற்பட்ட முறை வென்றிருக்கிறது. 2023ஆம் ஆண்டுக்குரியதும் அதற்கே சென்றது. 2024ஆம் ஆண்டுக்குரியதைச் சண்டிகர் பல்கலைக்கழகம் பெற்றது. பஞ்சாப் மண்ணின் குடும்பங்கள் பிள்ளையின் விளையாட்டைப் படிப்புக்கு இடையூறாக எண்ணுவதில்லை. படிப்போடு சேர்ந்த சொத்தாக எண்ணுகின்றன. நம் இல்லங்களில் நிலைமை என்ன? பன்னிரண்டாம் வகுப்பு வரை ஓடியாடிய பிள்ளை, கல்லூரி வாசலை மிதித்ததும் விளையாட்டுக் காலணியைப் பரணில் ஏற்றிவிடுகிறது. பெண் பிள்ளையாக இருந்தால் அந்தக் காலணி பத்தாம் வகுப்பிலேயே பரணுக்குப் போய்விடுகிறது. மார்க்கம் தடுத்ததனால் இவ்வாறு நேர்வதைவிட, வழி தெரியாததனால் நேர்வதே அதிகம் என்பது என் எண்ணம். அந்த வழியைச் சொல்லவே இக்கட்டுரை.

வழியின் தலைவாயிலில் நிற்பது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம். வளைகுடா நாடுகளில் வாழும் நம் குடும்பங்களுக்கு இந்தப் பெயர் புதிதன்று. வெளிநாட்டில் பெற்ற பட்டம் இந்தியப் பட்டத்துக்கு நிகரானதுதானா என்று சான்றளிக்கும் பணியை நெடுங்காலம் செய்து வந்தது இந்தச் சங்கமே, ‘ஏ.ஐ.யூ. சான்றிதழ்’ என்று அலைந்தவர்கள் நம்மில் பலர் உண்டு. அதே சங்கம்தான் இந்நாட்டுப் பல்கலைக்கழக மாணவர் விளையாட்டின் தேசியக் கூட்டமைப்பாகவும் இயங்குகிறது. மற்ற நாடுகள் பலவற்றில் இதற்கெனத் தனிக் கூட்டமைப்பு இருக்கும். நம் நாட்டில் பட்டமும் பந்தும் ஒரே கூரையின் கீழ் உள்ளன.

1924இல் சிம்லாவில் கூடிய பல்கலைக்கழகங்களின் மாநாட்டில் விதை ஊன்றப்பட்டு, 1925இல் ‘பல்கலைக்கழகங்களுக்கிடையிலான வாரியம்’ என்ற பெயரில் அது பிறந்தது. டாக்டர் ராதாகிருஷ்ணன், டாக்டர் ஜாகிர் ஹுசைன், நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 27 ஆண்டுகள் வீற்றிருந்த டாக்டர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார் ஆகியோர் அதை வழிநடத்திய பெரியோர் வரிசையில் உள்ளவர்கள். 1973இல் இப்போதைய பெயரைப் பெற்றது. விளையாட்டில் பல்கலைக்கழகங்கள் மோதிக்கொள்ளும் வழக்கம் அதற்கும் முன்பே வேரூன்றிவிட்டது. பம்பாய்ச் செல்வந்தர் ஒருவர் மறைந்த தம் மகன் ரோஹின்டன் பாரியாவின் நினைவாகக் கொடுத்த கோப்பைக்காக, 1935-36 முதல் கிரிக்கெட் அணிகள் ஆடத் தொடங்கின. மகனை இழந்த தந்தை ஒருவர், பிறர் வீட்டு மகன்கள் ஆடுவதற்காகக் கொடுத்த கோப்பை அது. 1940-41இல் தடகளம் முதலியவற்றுக்கும் முறையான ஏற்பாடு வந்தது.

உலக அளவில் இதன் தாய் அமைப்பு, 1949இல் லக்சம்பர்க்கில் தோன்றிய பன்னாட்டுப் பல்கலைக்கழக விளையாட்டுச் சம்மேளனம். அது நடத்தும் உலகப் பல்கலைக்கழக விளையாட்டுகள் 1959இல் இத்தாலியின் டூரின் நகரில் தொடங்கின. இரண்டாண்டுக்கு ஒருமுறை நடப்பது முறை. 2023இல் சீனாவின் செங்டு நகரில் இந்திய மாணவர்கள் 11 தங்கம், 5 வெள்ளி, 10 வெண்கலம் என 26 பதக்கங்கள் கொண்டு வந்தார்கள். அதற்கு முந்தைய எல்லாப் போட்டிகளிலும் சேர்த்துப் பெற்றதைவிட இது அதிகம்!

ஒரு நெடுஞ்சாலை, பல கலாசாலைகள்

இதெல்லாம் டெல்லிக்கும் சீனாவுக்கும் உரிய பேச்சு, நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். செங்கல்பட்டு மாவட்டத்தை ஒருமுறை மனத்தால் சுற்றி வருவோம். ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூரில், கீழக்கரை வள்ளல் பி.எஸ். அப்துர் ரஹ்மான் அவர்கள் 1984இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய கிரசென்ட், இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக ஓங்கி நிற்கிறது. சற்றுத் தெற்கே காட்டாங்கொளத்தூரில் எஸ்.ஆர்.எம். செங்கல்பட்டு நகரில் 1970 முதல் இராஜேஸ்வரி வேதாசலம் அரசு கலைக் கல்லூரி, 1965 முதல் அரசு மருத்துவக் கல்லூரி. வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் நோக்கித் திரும்பினால், மேலக்கோட்டையூரில் விளையாட்டுக்கென்றே 2004ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம். அதைக் கடந்து கடற்கரைக்குப் போனால், தமீமுல் அன்சாரி தர்காவுக்கு நாம் ஜியாரத் செல்லும் கோவளம். அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் மாமல்லபுரம். ஒரு மாவட்டத்துக்குள் இத்தனை வாசல்கள் உள்ள இடங்கள் தமிழகத்தில் அதிகமில்லை.

அந்தக் கரை உலக விளையாட்டுக்குப் புதிதும் அன்று. 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்டு 10 வரை 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில். 180க்கும் மேற்பட்ட நாடுகள் வந்தன. அப்போட்டியிலேயே வயதில் மிகச் சிறிய ஆட்டக்காரர் பாலஸ்தீனத்திலிருந்து வந்த எட்டு வயதுச் சிறுமி. அந்தப் பிஞ்சுக் குழந்தையைப் பெற்றவர்கள் எத்தனை சோதனைச் சாவடிகளைத் தாண்டி அனுப்பி வைத்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நமக்கோ பக்கத்து ஊர்ப் போட்டிக்கு அனுப்பவே நூறு தயக்கம். (சதுரங்கம் பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை அறிவேன், உங்கள் வீட்டு முடிவை உங்கள் ஆலிமிடம் கேட்டு எடுங்கள்.) 2025 ஆகஸ்டில் அதே மாமல்லபுரம் கடலில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்தது, இந்தியர் ஒருவர் வெண்கலம் பெற்றார்.

எந்த வாசலில் நுழைவது?

பெற்றோர் பலரும் அறியாத நுட்பம் ஒன்று இங்கே உண்டு. பல்கலைக்கழக அணி என்பது கல்லூரி அணி அன்று. செங்கல்பட்டு அரசு கலைக் கல்லூரியில் படிக்கும் மாணவர் கைப்பந்து ஆடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அக்கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது. அங்கே நூற்றுக்கு மேற்பட்ட கல்லூரிகள். கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் ஆடி, தேர்வாளர் கண்ணில் பட்டு, அத்தனை கல்லூரிகளிலிருந்தும் பொறுக்கியெடுக்கப்படும் 12 பேரில் ஒருவராக வந்தால்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் சட்டை கிடைக்கும். தடகளத்தில் இந்தப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள் மோதும் போட்டி, மேலே சொன்ன ஏ.எல். முதலியார் பெயராலேயே நடக்கிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழகமோ தன் வளாகத்து மாணவரிலிருந்தே அணியை அமைத்து நேராக அனுப்பும். அங்கே கூட்டம் குறைவு. ஆனால் வாசல் எளிது என்று எண்ணிவிட வேண்டாம். கைப்பந்துக்குப் பெயர்போன எஸ்.ஆர்.எம். போன்ற இடங்களில், பல ஊர்களிலிருந்து தேர்ந்த ஆட்டக்காரர்கள் வந்து சேர்வதால் போட்டி கடுமை. அவ்வளவாகப் பலர் ஆடாத விளையாட்டென்றால் நிகர்நிலையில் இடம் கிட்டுவது எளிது. கல்லூரியில் சேர்க்கும் முன்பு கட்டணம், விடுதி, வேலைவாய்ப்பு ஆகியவற்றை விசாரிக்கும் நாம், “என் பிள்ளையின் விளையாட்டுக்கு இங்கே அணி உண்டா? சென்ற ஆண்டு தென்மண்டலப் போட்டிக்குப் போனார்களா?” என்று உடற்கல்வி இயக்குநரிடம் இரண்டு கேள்வி கேட்க மறந்துவிடுகிறோம்.

பல்கலைக்கழக அணி அடுத்துப் போகுமிடம் தென்மண்டலப் போட்டி. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, புதுவைப் பல்கலைக்கழகங்கள் அதில் மோதும். அதில் முன்னணியில் வருபவை அகில இந்தியப் போட்டிக்குச் செல்லும். சில விளையாட்டுகளுக்கு மண்டலச் சுற்று இல்லை. நேரே அகில இந்தியப் போட்டிதான். 2020இல் புவனேசுவரத்தில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளுக்கும் இந்த அகில இந்தியப் போட்டியின் தரவரிசையே கதவு. குழு ஆட்டங்களில் முதல் எட்டு இடத்துக்குள் வந்த அணிகள் அங்கே அழைக்கப்படுகின்றன.

விதிகள் கண்டிப்பானவை. முழுநேர மாணவராக இருக்க வேண்டும். அஞ்சல் வழியில் படிப்பவருக்கு இடமில்லை. வயது 17க்குக் குறையாமலும் 25ஐத் தாண்டாமலும் இருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புத் தேறியதிலிருந்து எட்டு ஆண்டுகளுக்குள்தான் ஆடலாம். பிறந்த தேதிக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழே ஆதாரம். நம் வீடுகளில் இதில்தான் சங்கடம் முளைக்கிறது. பள்ளிச் சான்றிதழில் ‘முகமது’, ஆதாரில் ‘மொஹம்மத்’, கல்லூரி அடையாள அட்டையில் வெறும் ‘எம்.டி.’ என்று ஒரே பிள்ளைக்கு மூன்று பெயர்! தகப்பனார் பெயரின் முதலெழுத்து ஒன்றில் முன்னால், மற்றொன்றில் பின்னால். மைதானத்தில் இறங்குவதற்கு முந்திய இரவில் இதைக் கண்டுபிடித்து ஓடுவதில் பயனில்லை. கல்லூரியில் சேரும் போதே மூன்றையும் ஒரே எழுத்துக்குக் கொண்டு வந்துவிடுங்கள்.

காகிதத்தில் நேரும் பிழை எத்தனை பெரிய பழியை உண்டாக்கும் என்பதற்கு 2025 ஜூலையில் ஜெர்மனியின் ரைன்-ரூர் பகுதியில் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டுகளே சாட்சி. இந்தியாவிலிருந்து 12 பூப்பந்து ஆட்டக்காரர்கள் போனார்கள். அவர்களில் ஆறு பேர் ஆட முடியாமலேயே திரும்பினார்கள். பெயர்ப் பட்டியலைப் போட்டி நடத்துவோரிடம் அதிகாரிகள் சரிவரப் பதிவு செய்யவில்லை என்று செய்தி வெளியாயிற்று. ஆண்டுக்கணக்கில் உழைத்துத் தேர்வில் வென்று, கடல் கடந்து போன பிள்ளைகள் ஓரமாய் நின்று பார்த்தார்கள். ஆடிய மற்றவர்கள் கலப்புக் குழுப் போட்டியில் வெண்கலம் பெற்றார்கள் என்பது ஆறுதல். சங்கம் உயர் அதிகாரி ஒருவரை இடைநீக்கம் செய்து விசாரணைக் குழு அமைத்தது. ஆனால் அந்த ஆறு பேரின் வயது யாருக்காகவும் காத்திருக்கப் போவதில்லை. இத்தகைய சங்கங்களைப் புகழ மட்டுமே செய்தால் நாம் நம் பிள்ளைகளுக்குத் துரோகம் செய்தவர்களாவோம். உரிய இடத்தில் உரத்துக் கேட்கவும் வேண்டும்.

நம் பெண் மக்கள்

இனி, நீங்கள் மனத்துக்குள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விக்கு வருகிறேன். பெண் பிள்ளைகளை அனுப்பலாமா?

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பயணம் ஒன்றில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடியதும், முதலில் அன்னையார் முந்தியதும், காலம் சென்ற பின் மற்றொரு முறை ஓடியபோது நபிகளார் முந்தி, அதற்கு இது ஈடு என்று நகைத்ததும் ஹதீஸ் கிரந்தங்களில் பதிவான செய்திகள். இதை மேடைகளில் கேட்டுச் சிரித்து மகிழும் நாம், வீட்டுக்கு வந்து, ஓடும் மகளைப் பார்த்து முகம் சுளிப்பது எந்த நியாயம்? உடையும், ஒழுக்கமும், உடன் செல்லும் துணையும் பற்றி வரையறை உண்டு; அதை மறுப்பவன் அல்லேன். அந்த வரையறைக்குள் நின்றே ஆட எத்தனை இடமிருக்கிறது என்று பார்த்தோமா என்பதே என் வினா.

தலையை மறைத்தால் ஆட விடமாட்டார்கள் என்ற அச்சம் ஒரு காலத்தில் நியாயமாக இருந்தது. கால்பந்தில் 2014இலும், கூடைப்பந்தில் 2017இலும் உலக அமைப்புகளே தலைமறைப்பை அனுமதித்துவிட்டன. 2016 ரியோ ஒலிம்பிக்கில் எகிப்து நாட்டுப் பெண் ஒருவர் தலைமறைப்போடும் முழுக்கை, முழுக்கால் உடையோடும் கடற்கரைக் கைப்பந்து ஆடினார். நம் மாமல்லபுரத்து மணலைப் போன்ற மணலில், உலகமே பார்த்துக்கொண்டிருக்க ஆடினார்! அதே ஒலிம்பிக்கில் அமெரிக்க அணிக்காக வாள்வீச்சில் வெண்கலம் பெற்றவர் இப்திஹாஜ் முஹம்மத். அவருடைய கதை தாய்மார்கள் கேட்க வேண்டிய கதை. மகளுக்கு ஏற்ற விளையாட்டைத் தேடிக்கொண்டிருந்த அவர் தாயார், பள்ளி ஒன்றைக் கடந்து செல்கையில் தலை முதல் கால் வரை மூடிய உடையில் சிலர் பயிற்சி செய்வதைக் கண்டார். இதுவே நமக்கு ஏற்றது என்று மகளைச் சேர்த்தார். மகள் டியூக் பல்கலைக்கழகத்தின் அணிக்கு ஆடி, அங்கிருந்து ஒலிம்பிக் மேடைக்குப் போனார். தாயார் முதலில் கவனித்தது உடையைத்தான்; அதனால் பதக்கம் கைநழுவிப் போய்விடவில்லை. வாள்வீச்சு நம் பல்கலைக்கழகப் போட்டிகளிலும் உண்டு. டோக்கியோ ஒலிம்பிக்கில் வாள்வீசிய முதல் இந்தியர் பவானி தேவி நம் சென்னைப் பெண்ணே.

நிஜாமாபாத்தின் நிகத் ஜரீனை நீங்கள் அறிவீர்கள்; 2022இலும் 2023இலும் உலகக் குத்துச்சண்டைப் பட்டம் வென்றவர். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 2015இல், அகில இந்தியப் பல்கலைக்கழகக் குத்துச்சண்டையில் சிறந்த வீராங்கனையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். ஊரார் பேச்சுக்கு முன்னால் மகளோடு நின்றவர் அவருடைய தந்தை முஹம்மத் ஜமீல். முகத்தில் அடிப்பதை நபிகளார் தடுத்திருப்பதால் குத்துச்சண்டை ஆகுமா என்ற விவாதம் உண்டு. என் மகளை அதற்கு அனுப்புவேனா என்றால் தயங்கவே செய்வேன். ஆயினும் அந்தத் தந்தையின் உறுதியை நான் மதிக்கிறேன்.

மகளை அனுப்பும் முன் கல்லூரியிடம் சிலவற்றைக் கேட்பது உங்கள் உரிமை. அணியுடன் பெண் பொறுப்பாளர் செல்கிறாரா? தங்குமிடம் எது? அணிச் சட்டைக்குள் முழுக்கை உடுப்பு அணிய அனுமதி உண்டா? இக்கேள்விகளைச் சேர்க்கையின்போதே கேளுங்கள். போட்டிக்கு முதல் நாள் கேட்டால், பிள்ளைக்குத்தான் அவமானம். இடம் பறிபோனாலும் வியப்பதற்கில்லை.

தொழுகையும் நோன்பும் எப்படி என்று மகன்களும் கேட்பார்கள். பயணத்தில் தொழுகையைச் சுருக்கும் சலுகை நமக்கு உண்டு. ஷாஃபி மத்ஹபில் இரு வேளைகளைச் சேர்த்துத் தொழவும் இடமுண்டு. பல்கலைக்கழகப் போட்டிகள் பெரும்பாலும் ஆண்டின் பிற்பகுதியில் தொடங்கி மார்ச் வரை நடப்பவை. அண்மை ஆண்டுகளில் ரமலான் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வருவதால் இரண்டும் மோதிக்கொள்கின்றன. பயணிக்கு நோன்பைப் பின்னர் நோற்கும் சலுகை எதுவரை பொருந்தும் என்பதை உள்ளூர் ஆலிமிடம் முன்கூட்டியே கேட்டறிந்து பிள்ளைக்குச் சொல்லி அனுப்புங்கள். தெளிவில்லாமல் அனுப்பப்பட்ட பிள்ளை நோன்பையும் விட்டு, ஆட்டத்தையும் கோட்டை விடும்.

இந்த வழியில் நடந்து பேர் பெற்றவர்கள் நம்மில் இல்லாமலில்லை. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துக்கொண்டே ஹாக்கி மட்டையைப் பிடித்த ஜாபர் இக்பால், 1980இல் மாஸ்கோவில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடினார். 1984இல் லாஸ் ஏஞ்சல்சில் அணித் தலைவரானார். பேராசிரியர் ஒருவரின் மகன் அவர். படிப்பா, விளையாட்டா என்ற கேள்வி அந்த வீட்டில் எழுந்ததாகத் தெரியவில்லை.

படிவம் 3

எல்லாரும் ஒலிம்பிக்குக்குப் போக முடியாது. பல்கலைக்கழகச் சட்டையை ஒரே ஒரு பருவம் அணிந்த பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? இங்கேதான் பெற்றோர் கண்ணில் படாத செல்வம் இருக்கிறது.

மத்திய அரசின் ‘சி’ பிரிவுப் பணிகளில் விளையாட்டு வீரர்களை நியமிக்க 1980 ஆகஸ்டு 4இல் வெளியான ஆணை ஒன்று உண்டு. அந்த ஏற்பாட்டில் பன்னாட்டு வீரர்களும் மாநில வீரர்களும் மட்டுமல்லாமல், பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியில் தம் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர்களும் விண்ணப்பிக்கலாம். பதக்கம் பெற்றவர்களுக்கு முன்னுரிமை. வெறுமனே ஆடியவர்களும் அடுத்த வரிசையில் கணக்கில் உண்டு. வயது வரம்பில் ஐந்து ஆண்டுத் தளர்வும் உண்டு. தமிழ்நாட்டு அரசுப் பணிகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உள்ளது. பள்ளிப் பருவத்திலேயே சான்றிதழ் சேர்த்த பிள்ளைக்கு, பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கான 500 இடங்களிலும் முயற்சி செய்ய வழியுண்டு. அரசுப் பணியில் நம் சமுதாயத்தின் பங்கு குறைவென்று கூட்டம் போட்டுப் பேசுகிறோம். பேசி முடித்துவிட்டு இந்த வாசலையும் ஒருமுறை தட்டிப் பார்க்கலாமே!

மத்திய அரசுப் பணிக்கு ஆதாரம் அலமாரியில் உள்ள கேடயம் அன்று. பத்திரிகையில் வந்த படமும் அன்று. ‘படிவம் 3’ என்ற ஒரு தாள். பல்கலைக்கழகத்தின் சார்பில் இன்ன ஆண்டில், இன்ன இடத்தில், இன்ன விளையாட்டில் ஆடினார் என்று அதில் எழுதப்பட்டிருக்கும். கல்லூரி முதல்வர் கையொப்பமிட்டால் செல்லாது. பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைக்கு ஒட்டுமொத்தப் பொறுப்பு வகிக்கும் அதிகாரி தம் கைப்பட ஒப்பமிட வேண்டும். போட்டியில் கொடுக்கும் பங்கேற்புச் சான்றிதழ் வேறு, இது வேறு. பிள்ளைகள் பெரும்பாலும் முன்னதை மட்டும் வாங்கிக்கொண்டு வீடு வந்துவிடுகிறார்கள். ஆண்டுகள் சென்றபின் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பல்கலைக்கழகம் ஏறி இறங்குவார்கள். அப்போது பழைய அதிகாரி ஓய்வு பெற்றிருப்பார், பதிவேடு எந்த அறையில் என்று எவருக்கும் தெரிந்திராது. ஆகவே தென்மண்டலப் போட்டி முடிந்து பிள்ளை ஊர் திரும்பிய அந்த மாதமே படிவம் 3ஐ வாங்கச் சொல்லுங்கள். பெயரின் எழுத்தும் பிறந்த தேதியும் பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு பொருந்துகின்றனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். மூலத்தை உறையிலிட்டு, வீட்டுப் பத்திரமும் பாஸ்போர்ட்டும் இருக்கும் அதே பெட்டியில் வையுங்கள்.